சுத்த போசனம்: எது சுத்தம்?

தவக்காலம் வந்துவிட்டால் என் போன்ற கத்தோலிக்கர்களிடம் மற்ற நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்களுக்கும் விரதமா? கறிதான் கூடாதாம், மீன் சாப்பிடலாமாமே! இது என்ன விரதம் சார்?" கேட்பவர் கேலியாகக் கேட்பதில்லை. புரட்டாசி சனிக்கிழமைகளில் மீன் வாடையே வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்கிறவர், கார்த்திகையில் மாலை போட்டு 41 நாள் கட்டுப்பாட்டோடு இருக்கிறவர், இதைக் கண்டு வியப்பது இயல்புதான். நம்மவர்களில் பெரும்பாலோர் சிரித்து மழுப்பிவிடுகிறோம். மழுப்பாமல் பதில் சொல்லிப் பார்ப்போமே என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். திருநீற்றுப் புதன் தொடங்கி, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நாள் வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். அவற்றில் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. இதுதான் தவக்காலம். வயதானவர்கள் 'தபசு காலம்' என்பார்கள். சீர்திருத்த சபையினர் 'லெந்து' என்பார்கள். இக்காலத்துக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று ஒருசந்தி, மற்றது சுத்த போசனம். ஒருசந்தி என்றால் நாளில் ஒருவேளை மட்டும் முழு உணவு. மற்ற வேளைகளில் ஏதோ கொஞ்சம். சுத்த போசனம் என்றால் விலங்கு, பறவை இவற்றின் இறைச்சியை விலக்குவது. மீன், முட்டை, பால், நெய் ஆகியவற்றுக்குத் தடை இல்லை.

'ஒருசந்தி' என்ற சொல் கிறிஸ்தவர்கள் உண்டாக்கியதன்று. "ஒருசந்திப் பானையை நாய் அறியுமா?" என்ற பழமொழியை நம் பாட்டிமார் எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். கிராமத்தில் 'ஒருபொழுது' இருப்பதும் இதே வழக்கந்தான். ஆக, திருச்சபையின் விதி ரோமாபுரியிலிருந்து வந்தாலும், அதற்கான சொல் நம் அடுப்படியிலேயே தயாராக இருந்தது.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரண்டே நாட்களுக்குத்தான். சுத்த போசனம் திருநீற்றுப் புதனுக்கும் ஆண்டின் எல்லா வெள்ளிகளுக்கும் உரியது. ஆனால் அந்தந்த நாட்டு ஆயர் பேரவை இதற்கு மாற்று ஏற்பாடு செய்யலாம் என்று அதே சட்டம் இடம் கொடுக்கிறது. தவக்காலத்துக்கு வெளியே உள்ள வெள்ளிகளில் வேறு தவமுயற்சியோ அறச்செயலோ செய்தால் போதும் என்று பல நாடுகளில் ஏற்பாடு உள்ளது. தவக்காலத்தை மட்டும் கணக்கெடுத்தால், ஏழு வெள்ளிகளும் ஒரு புதனும் சேர்த்து எட்டு நாள். அதிலும் பெருவிழா ஒன்று வெள்ளியில் வந்துவிட்டால் விலக்கு உண்டு. 2021-இல் புனித சூசையப்பர் பெருவிழாவான மார்ச் 19-உம், 2022-இல் மங்கள வார்த்தைப் பெருவிழாவான மார்ச் 25-உம் அப்படித்தான் வெள்ளிக்கிழமைகளில் வந்தன.

வயது வரம்பும் உண்டு. ஒருசந்தி 18 வயது நிறைந்தவரிலிருந்து 59 வயது நிறையும் வரை. சுத்த போசனம் 14 வயது நிறைந்தவரிலிருந்து தொடங்குகிறது; அதற்கு மேல்வரம்பு கிடையாது. அறுபதைத் தாண்டிய எனக்கு முதலாவதிலிருந்து ஓய்வு கிடைத்துவிட்டது, இரண்டாவதிலிருந்து கிடைக்கவில்லை. ரயில்வேயைவிடத் திருச்சபை இந்த விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு!

எட்டே நாள்தானா என்று கேட்கலாம். முன்பு இப்படி இல்லை. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தவக்காலத்தின் சனிக்கிழமைகளும் இறைச்சியற்ற நாட்கள். ஏழு வயது நிறைந்த பிள்ளைக்கே சுத்த போசனம் கடமை. இன்னும் பின்னோக்கிப் போனால் ஐரோப்பாவில் முட்டை, பால், வெண்ணெய்கூடக் கிடையாது. எண்ணெய் கிடைக்காத குளிர்ப் பிரதேசத்தார் வெண்ணெய்க்காக ரோமாபுரிக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தார்கள். 1491-இல் சாக்ஸனி நாட்டாருக்கு அந்த அனுமதி கிடைத்தது, கோயில் கட்ட நன்கொடை தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. பிரான்சில் ரூவன் நகரப் பேராலயத்தின் ஒரு கோபுரத்துக்கு இன்றும் 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே பெயர்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் அண்டை மாநிலமான கேரளத்தில் சீரோ மலபார் திருச்சபையினர் அனுசரிக்கும் 'அம்பது நோம்பு' இருக்கிறது. அவர்களுக்குத் தவக்காலம் திங்கட்கிழமையே தொடங்கிவிடும். பழைய முறைப்படி இருப்பவர்கள் இறைச்சி, மீன், முட்டை, பால் அனைத்தையும் ஐம்பது நாளும் விட்டுவிடுவார்கள். ரயில்வேக் குடியிருப்புகளில் கோவாக்காரரும் மலையாளியும் தமிழரும் ஒரே கோயிலில் முழந்தாளிட்டோம். ஆனால் அடுத்தடுத்த வீடுகளில் அடுப்பில் இருந்தது வேறு வேறு. மலையாளி வீட்டு அம்மாவின் கண்ணுக்கு, வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கும் நாங்கள் ஏதோ சலுகையில் தேறியவர்களாகவே பட்டிருப்போம்!

இனி, இறைச்சியை மட்டும் ஏன் விலக்கினார்கள்? லத்தீன் மொழியில் விதி எழுதியபோது அவர்கள் பயன்படுத்திய 'மாமிசம்' என்ற சொல் நிலத்தில் வாழும் விலங்குகளையும் பறவைகளையுமே குறித்தது. மீன் அதில் சேரவில்லை என்பது சொல்லிலக்கணப் பதில். 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் தந்த விளக்கம் இன்னும் தெளிவானது. உணவுகளிலேயே அதிகச் சுவையும் அதிகப் புஷ்டியும் தருவது இறைச்சி. ஆகவே புலனடக்கம் பழகுகிறவன் அதை விடவேண்டும் என்றார். சுருக்கமாகச் சொன்னால் இறைச்சி என்பது விருந்து. துக்க நாளில் விருந்து உண்பதில்லை. கிறிஸ்து பாடுபட்டது வெள்ளிக்கிழமை. அன்று விருந்து வேண்டாம்.

விருந்தை விடுமுன் விருந்தை ஒரு கை பார்த்துவிடுவது மனித இயல்பு. கோவாவில் திருநீற்றுப் புதனுக்கு முந்திய நாட்களில் கார்னிவல் நடக்கிறது. அப்பெயரே 'இறைச்சியை நீக்குதல்' என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்தது. கேரளத்தில் நோன்புக்கு முந்திய ஞாயிறு 'பேத்துர்த்தா'. இங்கே மும்பையில் சிராவண மாதம் பிறக்குமுன் 'கடாரி' அமாவாசையன்று கோழிக்கடை வாசலில் நிற்கும் வரிசையை நம் அன்பர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்றும் ஒரே கதைதான். நல்லது என்று தெரிந்துதான் விடுகிறோம். அதனால்தான் விடுமுன் ஒருமுறை ஆசைதீரச் சாப்பிடுகிறோம்.

இங்கேதான் நம் தமிழ்ச் சொல் நம்மைக் கொஞ்சம் தடம் மாற்றிவிடுகிறது என்பது என் தாழ்மையான கருத்து. 'சுத்த போசனம்' என்று சொன்னதுமே, மற்ற நாளில் உண்பது அசுத்த போசனம் என்ற எண்ணம் நம்மை அறியாமல் வந்து ஒட்டிக்கொள்கிறது. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, கவிச்சி கூடாது, வீடு சுத்தமா இருக்கணும்" என்று நம் பெண்மணிகளே சொல்லக் கேட்கிறோம். திருச்சபையின் போதனை இதற்கு நேர்மாறு. மனிதனுக்குள்ளே போகும் எந்த உணவும் அவனைத் தீட்டுப்படுத்தாது என்பது மாற்கு நற்செய்தியில் இயேசு சொன்னது. கடவுள் படைத்த உணவுகளை விலக்கச் சொல்லிப் போதிப்பவர்களைப் பற்றி திமொத்தேயுவுக்கு எழுதிய கடிதம் எச்சரிக்கிறது. இறைச்சி தீட்டு என்றால், ஞாயிற்றுக்கிழமையும் அதை உண்ணக்கூடாதல்லவா?

நம் நாட்டில் இது வெறும் சொல் விவகாரம் இல்லை. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி என்ற தத்துவ போதகர் இறைச்சி, மீன், முட்டை அனைத்தையும் துறந்து, சந்நியாசி கோலத்தில் சோறும் காய்கறியும் பாலும் உண்டு வாழ்ந்தார். மேல்சாதியார் தம்மை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் முதற்காரணம். அவருடைய தியாகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இறைச்சி உண்ணாமை என்பது இங்கே தவம் என்பதோடு சாதி மேன்மையின் அடையாளமாகவும் இருந்தது, இன்றும் இருக்கிறது என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. அந்த அடையாளத்தின் மறுபக்கத்தை இம்மாநகரில் வாடகைக்கு வீடு தேடிய தமிழர்கள் நன்கறிவார்கள். "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்பதுதான் பல கட்டிடங்களில் முதற்கேள்வி. வேலை, சம்பளம், குணம் எல்லாம் அதற்கப்புறம்.

ஆகவே சொல்கிறேன்: தவக்காலத்தில் கறியை விட்டவர், அந்த எட்டு நாளும் பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனைக்கு முகம் சுளித்தால், விரதத்தின் பொருளையே விட்டவர் ஆகிறார். என் தவம் என்னைக் கட்டுப்படுத்தும். என் அயலாரைக் கட்டுப்படுத்தாது. 2015 செப்டம்பரில் சமணர்களின் பர்யூஷண் நாட்களையொட்டி இம்மாநகரில் இறைச்சி விற்பனைக்கு விதித்த தடை நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கும். சமணர்களின் கொல்லாமை நெறிக்கு முன் நான் தலைவணங்குகிறேன். அவர்கள் நோன்பின் கடுமையில் பாதிகூட நம்மிடம் இல்லை. ஆனாலும் ஒருவருடைய நோன்புக்காக மற்றவர் கடையை மூடச் சொல்வது என்னும் வழி எந்த மதத்தாருக்கும் நல்லதன்று. தவக்காலத்துக்காகக் கசாப்புக் கடையை மூடுங்கள் என்று நாம் கேட்டதில்லை, இனியும் கேட்கவேண்டியதில்லை.

இப்போது மீன் விஷயத்துக்கு வருவோம். இறைச்சி என்பது விருந்துக்கு அடையாளம் என்றால், மீன் ஏழையின் உணவு என்ற காலத்தில் விதி சரியாகவே வேலை செய்தது. இன்றைய நிலை என்ன? சுர்மயி என்று இங்கே சொல்லும் வஞ்சிரமும், பாப்லெட் என்னும் வாவலும் கோழிக்கறியின் விலையிலா கிடைக்கின்றன? வெள்ளிக்கிழமை பிராய்லர் கோழியை விட்டுவிட்டு, பாப்லெட் வறுவலும் இறால் தொக்கும் வைத்து ஒரு பிடி பிடிப்பவர் சட்டத்தை மீறவில்லை. ஆனால் தவமும் செய்யவில்லை. அமெரிக்காவில் 1962-இல் சின்சினாட்டி நகரில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்காரர், வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் வராமல் வியாபாரம் படுத்துவிடுகிறதே என்று மீன் வைத்த ரொட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். அது இன்று உலகமெங்கும் விற்கிறது. சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றினால் போதும் என்பவருக்கு வியாபாரி எப்போதும் ஒரு வழி செய்து கொடுத்துவிடுவான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரையுள்ள கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் மீன்தான் அன்றாடக் குழம்பு. ஆட்டுக்கறி என்பது திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வருவது. அந்த மீனவர் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சுத்த போசனம் வியாழக்கிழமைச் சாப்பாட்டிலிருந்து எந்த வகையிலும் வேறுபடாது. பிறவியிலேயே சைவமாக வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு இந்த விதியால் ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் இல்லாத இடத்தில் தவம் எங்கிருந்து வரும்? சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் இறைச்சி 'அல்லது வேறொரு உணவு' என்று ஆயர் பேரவை தீர்மானிக்க இடம்விட்டு எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் விதியையே எடுத்துவிட்டால் என்ன, மனசுதானே முக்கியம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பழைய கேள்விதான். 1522-இல் சூரிச் நகரில் ஒரு அச்சக உரிமையாளர் வீட்டில் தவக்காலத்தில் வேண்டுமென்றே தொத்திறைச்சியை வெட்டிப் பரிமாறினார்கள். உடனிருந்த சுவிங்லி தாம் உண்ணவில்லை; ஆனால் உண்டவர்களுக்காகப் பிரசங்கம் செய்தார். அந்நாட்டுச் சீர்திருத்தம் அதிலிருந்துதான் சூடு பிடித்தது. உண்பதும் விடுவதும் அவரவர் சுதந்திரம் என்ற அவர் வாதத்தில் நியாயம் உண்டு.

ஆனால் அனுபவம் வேறு விதமாகப் பேசுகிறது. 1966 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் பழைய விதிகளைத் தளர்த்தி, தவத்தின் உள்நோக்கத்தை வலியுறுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க ஆயர்கள், தவக்காலம் அல்லாத வெள்ளிகளில் கறியை விடுவதோ வேறு தவம் செய்வதோ உங்கள் விருப்பம் என்றார்கள். கறி தட்டுக்கு வந்துவிட்டது. வேறு தவம் எத்தனை வீட்டில் வந்தது? இங்கிலாந்து, வேல்ஸ் நாட்டு ஆயர்கள் 2011 செப்டம்பரிலிருந்து ஆண்டு முழுவதும் வெள்ளிக்கிழமைச் சுத்த போசனத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் சேர்ந்து செய்யும், எளிதான, கண்ணுக்குத் தெரியும் ஒரு வழக்கம் இருந்தால்தான் தவம் என்ற நினைப்பே மிஞ்சும் என்று அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

ரயில்வேக்காரனாக ஓர் உதாரணம் சொல்ல அனுமதியுங்கள். பழுதான பாலத்துக்கு முன்னால் 20 கிலோமீட்டர் என்று வேகக் கட்டுப்பாட்டுப் பலகை வைப்போம். பலகையில் இருப்பது ஒரு எண் மட்டும். காரணம் பாலத்தின் தூணில் இருக்கிறது. காரணம் தெரியாத ஓட்டுநரும் எண்ணுக்குக் கட்டுப்பட்டால் வண்டி தப்பும். "காரணத்தை மனசிலே வைத்துக்கொண்டு அவரவர் இஷ்டம்போல் ஓட்டுங்கள்" என்று பலகையை எடுத்துவிட முடியாது. அதேசமயம், தூணைச் சரிசெய்யாமல் பலகையை மட்டும் ஆண்டுக்கணக்காகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பதும் இன்ஜினியரிங் ஆகாது. வெள்ளிக்கிழமை விதி பலகை. தூண் எது?

தூண், பசித்தவன். எசாயா இறைவாக்கினரின் 58-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். உணவைப் பசித்தோரோடு பகிர்வதே தமக்கு உகந்த நோன்பு என்று ஆண்டவர் சொல்வதாக அது அமைந்துள்ளது. 5-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் திருத்தந்தை முதலாம் லியோ தவக்கால மறையுரைகளில் மீண்டும் மீண்டும் சொன்னது, விரதத்தில் நாம் மிச்சப்படுத்துவது ஏழையின் வயிற்றுக்குப் போகவேண்டும் என்பதே. இக்காலத்திலும் அந்த மரபு உயிரோடு இருக்கிறது. ஜெர்மானிய ஆயர்கள் 1958-இல் தொடங்கிய 'மிசெரெயோர்' தவக்காலக் காணிக்கையால் நம் நாட்டிலும் எத்தனையோ பணிகள் நடந்துள்ளன. 1975-இல் பென்சில்வேனியாவில் 'அரிசிக் கிண்ணம்' என்ற பெயரில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஓர் அட்டைப் பெட்டி வைக்கும் பழக்கம் தொடங்கியது. சாப்பாட்டில் மிச்சம் பிடித்த பணம் அதில் விழும். 1962-இல் தோன்றிய காரித்தாஸ் இந்தியாவும் தவக்காலத்தில் பசிக்கும் நோய்க்கும் எதிராக நிதி திரட்டுகிறது. நம் நாட்டுக் கோயில்களிலும் தவக்கால உறை கொடுக்கிறார்கள். ஆனால் நம்மில் பலர் குருத்து ஞாயிறன்று பையில் கிடக்கும் நோட்டு ஒன்றை உறைக்குள் திணித்துக் கொடுத்துவிடுகிறோம். விட்ட கறிக்கும் போட்ட நோட்டுக்கும் சம்பந்தமே இருப்பதில்லை.

சம்பந்தம் உண்டாக்குவது கடினமில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவேளைக் கறிச் சமையலுக்கு 400 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று கீரையும் சாம்பாரும் வைத்தால் 150 ரூபாயில் முடியும். மிச்சம் 250. எட்டு நாளுக்கு 2,000 ரூபாய். பத்துக் குடும்பம் சேர்ந்தால் 20,000. ஓர் ஏழைப் பிள்ளையின் புத்தகத்துக்கும் சீருடைக்கும் இது சிறிய தொகையா? கறிக்குப் பதில் பாப்லெட் வாங்கினால் மிச்சம் சைபர். சில வாரம் மைனஸ்! மீன் கூடுமா கூடாதா என்று சாமியாரிடம் போய்க் கேட்கவே வேண்டாம். வீட்டுக் கணக்கு நோட்டே பதில் சொல்லிவிடும்.

நான் புதிய சட்டம் கேட்கவில்லை. விதி அப்படியே இருக்கட்டும். நம் சங்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. எட்டு நாளும் கறியை விடுங்கள். இயன்றவர்கள் விலையுயர்ந்த மீனையும் விடுங்கள். மிச்சத்தை அன்றன்றே எடுத்து ஒரு டப்பாவில் போடுங்கள். அந்தப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், கணக்கில் அவர்கள் நம்மைவிடக் கறார். சைவமாகவே வாழ்பவர்கள் காப்பியையோ இனிப்பையோ விட்டு அந்தக் காசைப் போடலாம். நோயாளிகளும் மாத்திரை சாப்பிடுபவர்களும் உடம்பை வருத்த வேண்டாம். டப்பாவில் போடுவதற்கு எந்த டாக்டரும் தடை சொல்ல மாட்டார்.

அந்த டப்பாவைத் திறக்கும்போது ஒன்று மட்டும் கவனியுங்கள். பணம் யாருக்குப் போகிறதோ அவர் வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரிக்க வேண்டாம்.